சொல்லிக் கொடுத்தோமா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், கடற்கரையை அடுத்த ஓர் ஊரின் மேல்நிலைப் பள்ளியில் மாணவ மாணவியரிடையே பேசுமாறு நம்மை அழைத்திருந்தனர். 'கணினியும் சட்டமும்' என்று தலைப்பையும் அவர்களே குறித்துக் கொடுத்திருந்தனர். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒரே கூடத்தில் அமர்த்தப்பட்டிருந்தன. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு பிறந்த வரலாற்றைச் சொல்லி, அதன் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இன்னின்ன குற்றத்திற்கு இத்தனை ஆண்டு சிறை, இத்தனை இலட்சம் அபராதம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தோம். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். அந்த அமைதியை நம் பேச்சின் வெற்றி என்றே நாம் எண்ணிவிட்டோம்.

முடிவில் ஒரு சிறுவன் எழுந்தான். "தெரியாமல் செய்தாலும் தண்டனை உண்டா, சார்?" என்று கேட்டான்.

"சட்டம் தெரியாது என்பது ஒரு காரணமாகாது, தம்பி" என்றோம். சட்டக் கல்லூரியில் முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் விதி அது. ஐயத்திற்கு இடமில்லாத விடை. சிறுவன் உட்கார்ந்துவிட்டான். ஆனால், அவன் உட்கார்ந்த விதம் ஐயம் தீர்ந்தவன் உட்காரும் விதமாகத் தோன்றவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் நாம் சொன்ன விடையே நம்மை உறுத்திக்கொண்டு வந்தது.

அந்த விதி எப்போது நியாயமானது என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினோம். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் ஒரு பக்கத்தையேனும் புரட்டிப் பார்த்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எனினும் பிறர் பொருளை எடுத்தல் தவறு, அடித்தல் தவறு, பொய்ச் சாட்சி சொல்லல் தவறு என்பவை எவருக்கும் தெரியாமல் இருந்ததில்லை. உம்மாவின் மடியிலும், மதரஸாவின் பாயிலும், தெருத் திண்ணையிலும் அவை சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தன. ஊர் அறிந்திருந்ததையே சட்டம் எழுதி வைத்தது. ஆகவே, 'உனக்குத் தெரிந்திருக்கும்' என்று சட்டம் கருதிக்கொண்டதில் அநீதி ஒன்றும் இல்லை.

2000ஆம் ஆண்டின் சட்டம் அத்தகையதன்று. கடவுச்சொல்லைப் பற்றி எந்தப் பாட்டியும் பழமொழி சொல்லி வைக்கவில்லை. பிறருடைய கடவுச்சொல்லை நேர்மையற்ற எண்ணத்துடன் பயன்படுத்தினால் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதை நம் வீட்டுப் பெரியவர்களுள் எவர் பிள்ளைக்குச் சொன்னார்? ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவருடைய இசைவின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் 66இ பிரிவில் குற்றம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பாலியல் கோலத்தில் காட்டும் படத்தை உருவாக்குவது மட்டுமின்றி, தேடுவதும் பதிவிறக்குவதும் சேர்த்து வைப்பதும் கூட 67பி பிரிவின் கீழ் வரும். முதன்முறைக் குற்றத்திற்கே 5 ஆண்டு வரை சிறை. பதினைந்து வயதுச் சிறுவன், தன் வயதை ஒத்த ஒருத்தியின் படத்தை நண்பனிடமிருந்து பெற்று மற்றொரு நண்பனுக்கு அனுப்பும்போது, தான் விளையாடுவதாகவே கருதுகின்றான். அவன் விரல் அசைவதற்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. கல்லெறிந்தால் கை வலிக்கும். எறியப்பட்டவனின் அலறல் காதில் விழும். இங்கோ கையும் வலிப்பதில்லை, அலறலும் கேட்பதில்லை.

சட்டம் தெரிந்திருக்க வேண்டியது பிள்ளையின் கடமை என்போர் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தகைய படம் ஒன்றைத் தன் கைபேசியில் வைத்திருந்தவர்மீது தொடரப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. தனிமையில் பார்த்ததும் வைத்திருந்ததும் மட்டுமே குற்றமாகா என்பது அன்றைய தீர்ப்பு. இளந்தலைமுறையினரைத் தண்டிப்பதைவிட அவர்களுக்கு எடுத்துரைக்கும் பக்குவம் சமுதாயத்திற்கு வேண்டும் என்ற கருத்தையும் அந்த நீதிபதி வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தவறென்று நீக்கியது. இத்தகைய படத்தை அழிக்காமலும் உரியவர்களிடம் தெரிவிக்காமலும் வைத்திருப்பதே போக்ஸோ சட்டப்படி குற்றமாகக்கூடும் என்றது. சட்டம் தெரியாது என்னும் வாதத்தையும் ஏற்க மறுத்தது. உச்ச நீதிமன்றத்தின் முடிவே சரியானது என்பதில் நமக்கு ஐயமில்லை. பிள்ளைகளின் பாதுகாப்பை வேறெந்த வகையிலும் காக்க இயலாது. ஆயினும், சட்டம் பயின்று முதிர்ந்தோரிடையே எட்டு மாதங்கள் இருவேறு பொருள் கொண்டிருந்த ஒன்றை, ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் தானாகவே அறிந்திருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

காவலர்களின் நிலைமையையும் ஈண்டுச் சொல்லத்தான் வேண்டும். 2012 நவம்பரில், தலைவர் ஒருவரின் மறைவையொட்டி மும்பை நகரம் முடங்கியதைப் பற்றி மராட்டிய மாநிலத்து இளம்பெண் ஒருவர் முகநூலில் கருத்தெழுதினார். மற்றொருவர் அதற்கு விருப்பக்குறி இட்டார். இருவருமே கைது செய்யப்பட்டனர். அவ்வழக்கில் முன்னிறுத்தப்பட்ட 66ஏ பிரிவை எதிர்த்து, ஷ்ரேயா சிங்கால் என்னும் இளம் பெண் உச்ச நீதிமன்றம் சென்றார். 2015 மார்ச் 24இல் அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இந்த அளவோடு கதை முடிந்திருந்தால் நலமாயிருக்கும். ஆனால், இறந்துபோன அந்தப் பிரிவின் கீழ் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிந்து வந்தன என்பதை அறிந்து 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவிக்க நேர்ந்தது. சட்டம் தெரியாத காவலருக்குக் கிடைத்தது அதிர்ச்சி. சட்டம் தெரியாத குடிமகனுக்குக் கிடைப்பது சிறை. இந்த வேறுபாட்டை நாம் அந்தச் சிறுவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.

சட்டத்திற்குக் கருணையே இல்லை என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் செயல் எதுவும் குற்றமாகாது என்று 1860ஆம் ஆண்டின் சட்டமே சொன்னது. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே உள்ள பிள்ளைக்குத் தன் செயலின் விளைவை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கச் சொன்னது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே பின்பற்றுகின்றது. பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சிறார் நீதிக் குழுமத்தின் முன்னரே நிறுத்த வேண்டும். அங்கே நோக்கம் திருத்துவதுதான். நம் மார்க்கமோ பருவமடைதலைப் பொறுப்பின் வாயிலாக வைத்திருக்கின்றது. எடுத்துரைப்பது முந்தியது, தண்டிப்பது பிந்தியது என்னும் நியதியைத் திருமறையில் பலமுறை ஓதியிருக்கின்றோம். ஆகவே சிறுவனின் வினா உண்மையில் அவனைப் பற்றியதன்று. அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் யார், சொல்லிக் கொடுத்தார்களா என்பதே அதன் உட்பொருள்.

பள்ளிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது பொருந்தாது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் கணினி நெறிமுறையும் இணையப் பாதுகாப்பும் தனிப் பாடமாகவே இடம்பெற்றிருக்கின்றன. ஆனால், கணினிப் பிரிவை எடுத்தவர்க்கே அந்தப் பாடம். மதிப்பெண்ணுக்காகவே அதைப் படிக்கின்றனர். கைபேசியோ மூன்றாம் வகுப்பிலேயே கைக்கு வந்துவிடுகின்றது. கொரோனாக் காலத்தில் பள்ளியே கைபேசிக்குள் குடியேறிய பின்னர், 'பிள்ளைக்குக் கொடுக்காதே' என்று பேசுவதற்கும் நமக்கு வாயில்லாமற் போயிற்று. அண்டை மாநிலமான கேரளத்தில் 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்கள் இயங்கி வருகின்றன. பொய்ச் செய்தியை இனங்காண்பது எப்படி என்பதையும் அங்கே மாணவர்களுக்குப் பயிற்றுவித்திருக்கின்றார்கள். நாமும் பார்த்துப் பின்பற்றத் தக்கது அது.

ஆனால், தொழில்நுட்பமும் சட்டமும் தெரிந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு நம் சமுதாயமே சாட்சி. 2021 ஜூலையிலும், மீண்டும் 2022 ஜனவரி முதல் நாளிலும், முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்கள் அறியாமல் திரட்டி, அவர்களை 'ஏலம்' விடுவதாகச் சொல்லும் செயலிகள் கிட்ஹப் என்னும் தளத்தில் ஏற்றப்பட்டன. பத்திரிகையாளர்கள், சமூகப் பணியாளர்கள், காணாமற்போன மகனைத் தேடி அலைந்துகொண்டிருந்த ஒரு தாய் என்று பலர் அதில் இழிவுபடுத்தப்பட்டனர். புத்தாண்டு விடியலில் தம் முகத்தைத் தாமே ஏலப் பொருளாகக் கண்ட அப்பெண்களின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எழுத நமக்குச் சொல் வரவில்லை. இரண்டாம் செயலியின் தொடர்பில் முதலில் கைதானவர்களை நாடு பார்த்தபோது வியப்பே மேலிட்டது. பெரும்பாலோர் 21 வயதைத் தாண்டாதவர்கள். பொறியியல் பயிலும் மாணவர்கள் அவர்களிடையே இருந்தனர். ஓர் இளம் பெண்ணும் இருந்தார்.

அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாதா? நன்றாகவே தெரிந்திருந்தது. தவறென்று தெரியாதா? தெரிந்ததனாலன்றோ சீக்கியர்களின் பெயர்களைச் சூட்டிக்கொண்டு தம் முகத்தை மறைத்தனர்! அந்த அறிவை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் வேறொன்றைக் கொடுக்காமல் விட்டுவிட்டனர். அந்த வேறொன்றுக்கு நம் வீடுகளில் 'ஹயா' என்று பெயர். தமிழில் நாணம் என்று எழுதினால் பெண்ணுக்கு உரியது என்று தள்ளிவிடுவார்களோ என்று அஞ்சி, அப்படியே எழுதுகின்றோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொது.

ஹயாவைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க இயலாது. பழக்கத்தினாலேயே அது வரும். எந்தப் பழக்கம்? அனுமதி கேட்கும் பழக்கம் என்பது நமது எண்ணம். சூரத்துந் நூரில் பிள்ளைகளைக் குறித்து ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டிருக்கின்றது. பருவமடையாத சிறுவர்களும், விடியற்காலைத் தொழுகைக்கு முன்னரும், நண்பகல் ஓய்வின்போதும், இஷாவுக்குப் பின்னரும் பெரியவர்களின் அறைக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டும். பருவமடைந்த பின்னரோ எப்போதும் கேட்க வேண்டும். இந்த ஒழுங்கை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கின்றோம். கதவைத் தட்டிவிட்டு வருதல் என்னும் சிறு மரியாதையாக மட்டும் கருதி வந்திருக்கின்றோம். சட்டத்தின் சுமை ஏறாத சின்னஞ்சிறு பிள்ளைக்கே இது விதிக்கப்பட்டது ஏன் என்பதை எண்ணியதில்லை. தண்டனைக்கு உரிய வயது வருமுன்னரே பழக்கம் வந்துவிட வேண்டும் என்பதற்காக அன்றோ? வீட்டின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்த நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. அடி எடுத்து உள்ளே வைக்காவிட்டாலும், பார்வை நுழைந்துவிட்டால் நுழைந்ததுதான். கைபேசியின் திரை இன்று அந்த இடுக்காகிவிட்டது.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளைக் கொண்டு தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள்தான். ஆதாரைப் பற்றிய அந்த வழக்கைத் தொடுத்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி. தீர்ப்பு வந்தபோது அவருக்கு அகவை தொண்ணூற்றைத் தாண்டியிருந்தது. ஒரு முதியவர் தொடுத்த வழக்கினால் நம் பிள்ளைகளுக்கு ஓர் உரிமை உறுதியாயிற்று என்பதை வகுப்பறையில் சொன்னால், சட்டம் என்பது பிரம்பு மட்டுமே என்ற எண்ணம் சற்று மாறக்கூடும்.

நாம் இரண்டாம் முறை அந்தப் பள்ளிக்குச் சென்றபோது பிரிவு எண் எதையும் எழுதவில்லை. "உங்களுள் எத்தனை பேருக்கு உங்கள் தோழரின் கடவுச்சொல் தெரியும்?" என்று மட்டும் கேட்டோம். ஒரு சிரிப்பலை எழுந்து, பிறகு பெரும்பாலான கைகள் உயர்ந்தன. கேட்டால் கொடுத்துவிட வேண்டும், கொடுக்காவிட்டால் நட்பில் குறை என்று பொருளாம். அந்தக் காலத்தில் ஒரே தட்டில் உண்டது போல இந்தக் காலத்தில் இது நட்பின் அடையாளம் போலும்! "நட்பு முறிந்தால் அந்தக் கடவுச்சொல் என்ன ஆகும்?" என்றோம். அப்போது எவரும் சிரிக்கவில்லை. அமானிதம் என்னும் சொல்லை அவர்களே எடுத்துச் சொன்னார்கள். வேற்று மதத்துப் பிள்ளைகளுக்கு அதன் பொருளை விளக்கியதும் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவிதான். அதன் பின்னரே 66சி பிரிவைச் சொன்னோம். முதல் நாள் கரும்பலகையில் எழுதியபோது பார்த்த முகங்களுக்கும் அன்றைய முகங்களுக்கும் வேறுபாடு இருந்தது.

பிள்ளைகளுக்குச் சொல்வது எளிதாகவே இருந்தது. வீட்டுக்குச் சொல்வதுதான் கடினம். அனுமதி கேட்கும் பழக்கத்தைப் பெரியவர்களாகிய நாம் கடைப்பிடிக்கின்றோமா? மகளின் கைபேசியை அவள் உறங்கும்போது எடுத்துப் பார்க்கின்றோம், மகனுடையதைப் பார்ப்பதில்லை. 'ஆண் பிள்ளைதானே' என்கின்றோம். படம் எடுக்கப்படுபவள் பெரும்பாலும் மகள். எடுப்பவனும் அனுப்புபவனும் பெரும்பாலும் யாரோ ஒருவரின் மகன் என்பது நமக்குத் தெரியாததா? பத்து வயதுப் பிள்ளையைக் கவனியாமல் விடலாகாது. அதில் கருத்து வேறுபாடில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயது வரை பெற்றோரின் இசைவு வேண்டும் என்கின்றது. அதே சட்டம் நிறுவனங்கள் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றும் கூறுகின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆஸ்திரேலிய நாடு பதினாறு வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதையே 2025 டிசம்பர் முதல் தடை செய்திருக்கின்றது. இவையெல்லாம் அரசுகள் செய்பவை. வீட்டிலோ, 'வாரம் ஒருமுறை உன் கைபேசியை நானும் நீயும் சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லிவிட்டுப் பார்ப்பது கண்காணிப்பு. உறங்கும்போது எடுத்துப் பார்ப்பது துருவுதல். துருவித் துருவி ஆராய்வதை மார்க்கம் விலக்கியிருக்கின்றது. தன் பிள்ளையானால் துருவலாம் என்று விலக்கு எதுவும் நாம் அறிந்த வரையில் காணவில்லை.

இது வெறும் மரியாதையைப் பற்றிய வாதமன்று. சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கின்றோம். பதினோராம் வகுப்புப் படித்த பெண். கல்யாண வீடொன்றில் எடுத்த படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் பிரித்து, வேறோர் உடலுடன் பொருத்தி எவனோ பரப்பிவிட்டான். எவனோ என்ன, அடுத்த தெருப் பையன்தான். அவளுக்கு அது தெரிந்த பின்னரும் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. உணவு குறைந்தது. காய்ச்சல் என்றாள். விஷயம் வெளிப்பட்டதும் உம்மா கைபேசியைப் பிடுங்கினார். வாப்பா பள்ளியை நிறுத்தினார். ஆறு மாதத்தில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினர். பையன் அரசுப் பொதுத்தேர்வு எழுதி, கல்லூரிக்குச் சென்றான். காவல் நிலையத்திற்குப் போக வேண்டும் என்று அந்தப் பெண்ணின் மாமா ஒருவர் மட்டும் சொன்னார். 'ஊரறிய வேண்டாம், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று அவரைத் தடுத்தவர்களுள் நாமும் ஒருவர். மானத்தைக் காத்ததாக அன்று எண்ணினோம். யாருடைய மானத்தை?

ஏறத்தாழ இதே குற்றம் 2023 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டு அல்மென்திராலெஹோ என்னும் சிற்றூரில் நடந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு, உடன் பயிலும் இருபதுக்கு மேற்பட்ட சிறுமியரின் படங்களை ஆடையற்ற படங்களாக மாற்றிப் பள்ளிச் சிறுவர்கள் பரப்பினர். அங்கும் சிறுமியர் முதலில் அஞ்சினர். ஆனால் பாதிக்கப்பட்ட சிறுமி ஒருத்தியின் தாய், மருத்துவர், நாடறியப் பேசினார். இது உங்கள் குற்றமன்று, தாயிடம் சொல்லுங்கள் என்று மற்ற சிறுமியருக்கும் தைரியமூட்டினார். ஒருவர் பின் ஒருவராகத் தாய்மார் முன்வந்தனர். 2024 ஜூலையில் இளையோர் நீதிமன்றம் 15 சிறுவர்களுக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. பெண்களை மதிப்பது பற்றியும் தொழில்நுட்பத்தைப் பொறுப்புடன் கையாள்வது பற்றியும் வகுப்புகளில் அமர்ந்து படிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. வீடும் பள்ளியும் முன்னரே தந்திருக்க வேண்டிய பாடத்தை நீதிமன்றம் பின்னர் விதித்தது.

ஸ்பெயின் வரையிலும் போக வேண்டியதில்லை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின் கீழ் கிடைத்த முதல் தண்டனை என்று சட்ட நூல்கள் குறிப்பிடுவது, 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அளித்ததைத்தான். மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி இணையக் குழுவொன்றில் ஒருவன் இழிவாக எழுதினான். அதைப் படித்தவர்களின் தொலைபேசி அழைப்புகள் அவரை வாட்டின. அவர் நேரே காவல்துறையிடம் சென்றார். சில மாதங்களுக்குள்ளாகவே குற்றவாளிக்கு 2 ஆண்டுச் சிறை கிடைத்தது. பொறுத்துக்கொள்ளும்படி சொன்னவர்கள் அவருக்கும் இருந்திருப்பார்கள்.

இன்று வழிகள் கூடியிருக்கின்றன. பணம் பறிபோனால் உடனே அழைக்க 1930 என்னும் எண் இருக்கின்றது. நேரம் கடந்தால் பணம் கை மாறிவிடும் என்பதால் அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். சிறுவர்களுக்கு 1098. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களைப் பெயரைச் சொல்லாமலே தெரிவிக்க, சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையத்தளத்தில் இடமுண்டு. 'டேக் இட் டவுன்' என்றொரு சேவையை அமெரிக்கக் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பொன்று 2023 முதல் நடத்தி வருகின்றது. அதன் முறையைப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது அவர்கள் ஆவலுடன் கேட்டார்கள். படத்தைக் கணக்கிட்டு நீண்டதோர் எண்ணாக மாற்றுகின்றார்கள், விரல் ரேகை எடுப்பது போல. அந்த எண்ணிலிருந்து படத்தை மீண்டும் உருவாக்க இயலாது. படம் பிள்ளையின் கைபேசியை விட்டு வெளியே செல்வதே இல்லை. எண் மட்டும் செல்லும். இசைந்துள்ள தளங்களில் அதே படம் ஏறினால் எண் பொருந்திக் காட்டிக்கொடுத்துவிடும். வாட்ஸ்அப் போன்றவற்றில் பூட்டப்பட்டுச் செல்லும் செய்திகளுக்குள் அது எட்டாது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். தன் கைபேசியில் அழித்துவிட்டால் பிறர் கைபேசியிலும் அழிந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தவர்கள் அந்தக் கூடத்தில் பலர்.

அன்று வகுப்பு முடிந்ததும் சிறுவன் மீண்டும் வந்தான். முதல் நாள் கேட்டவன்தான். அவனுக்கு நாம் ஒரு விடை கடன்பட்டிருந்தோம். "தெரியாமல் செய்தாலும் சட்டம் விடாது, தம்பி. ஆனால் உனக்குச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு" என்றோம். அவன் தலையசைத்தான். ஏற்றுக்கொண்டானா என்று தெரியவில்லை.

வாயிலில் நின்ற ஆசிரியை நம் கையில் நான்காக மடித்த தாள் ஒன்றைத் தந்தார். கேள்விகளைப் பெயரிடாமல் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லியிருந்தோம். அதில் வந்த ஒன்றாம் அது. ஒரே வரி. கையெழுத்து அழுத்தமாகவும் சீராகவும் இருந்தது. பெயரைச் சொல்லாமல் புகார் கொடுத்தாலும் வாப்பாவுக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டிருந்தாள்.

ஆசிரியையும் நாமும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். அடுத்த சனிக்கிழமை பெற்றோரை அழைத்துக் கூட்டம் நடத்துவதென்று தலைமையாசிரியரிடம் சொல்லி ஏற்பாடு செய்தாயிற்று. தந்தையர் கட்டாயம் வர வேண்டும் என்று அழைப்பில் எழுதச் சொல்லியிருக்கின்றோம். தாள் இன்னும் நம் சட்டைப் பையில் இருக்கின்றது.